பொம்மைத் தலை

— தலையை ஆட்டாதே ஸ்ட்ராடோஸ், காது போயிடும்.

— நீ பேசற பேச்சுக்குத் தலை தானா ஆடுதுக்கா. நான் சொல்ல மாட்டேன். உன் புருஷன், நீயே சொல்லிக்கோ.

— கம்ப்யூட்டர்ல கை வெச்சது யாரு? நானா? எனக்கு அந்தப் பெட்டியை அணைக்கக்கூடத் தெரியாது.

— நீ அழுதே, பண்ணினேன். மூணு வருஷம் முன்னாடி இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'கடையை வித்து அடைச்சாச்சுடா, மிச்சம் இருக்கறது இருபதாயிரம் யூரோ, அதையும் உன் மாமா கச்சா எண்ணெய் வியாபாரத்துல ஊத்திடுவாரு, ஏதாவது பண்ணு'ன்னு அழுதே. அக்கா அழுதா தம்பி சும்மா இருப்பானா? சத்தியமா சொல்றேன், ரெண்டு மாசத்துல மாமாவே சலிச்சுப் போய்த் திரும்பக் கப்பலேறிடுவாருன்னுதான் நெனச்சேன்.

— நானும்தான் நெனச்சேன்.

— ரெண்டு மாசம் மூணு வருஷம் ஆயிடுச்சு. அந்த மனுஷன் தினம் உக்காந்து வாங்கி விக்கறது அத்தனையும் ஒத்திகைக் கணக்குல. விலை மட்டும்தான் நிஜம், காசு பொம்மைக் காசு. மேல 'ஒத்திகை'ன்னு ஒரு வார்த்தை வரும், அதை மறைச்சு வெச்சிருக்கேன். வீட்டுச் செலவுக்குன்னு மாசம் ஐந்நூறு எடுப்பாரு, நீ 'பேங்குக்கு வந்துடுச்சு'ம்பே, நான் உள்ள போய் அதைக் கழிச்சு விடுவேன். கொட்டகையிலகூட ஒரே நாடகம் இவ்வளவு நாள் ஓடாதுக்கா.

— அவன் தோத்திருந்தா என்னிக்கோ திரை விழுந்திருக்கும். ஜெயிச்சுத் தொலைச்சானே!

— ஜெயிப்புன்னா சாதாரண ஜெயிப்பா? இருபது எண்பத்தெட்டாச்சு. இன்னிக்குக் காலையிலகூட உள்ள போய்ப் பார்த்தேன். எண்பத்தெட்டாயிரம், கம்பீரமா நிக்குது. ஒரு காசு கிடையாது.

— வசிலியாதிஸ் மதியம் மறுபடி போன் பண்ணினாரு.

— கடையை வாங்கின கிழவரா? என்னவாம்?

— வாரம் பூரா சொல்றதுதான். இன்னிக்கு ஆறு மணிக்கு நோட்டரி ஆபீசுக்கு வந்து எண்பத்தஞ்சாயிரத்துக்கு வழி காட்டினா கடை மறுபடி என் பேருக்கு. இல்லேன்னா திங்கக்கிழமை அந்த வாரவாடகைக்காரனுக்கு எழுதிக் கொடுத்துடுவாராம். இந்தக் கண்ணாடிக்கு முன்னாடி கட்டில் போட்டு டூரிஸ்டுக்கு விடுவானாம். எங்கப்பா எனக்குச் சீதனமா கொடுத்த கடைடா இது. புருஷன் பாண்டெலிஸ் கடனை அடைக்க என் கையாலயே கையெழுத்துப் போட்டு வித்தேன். மூணு வருஷமா என் கடைக்கே வாடகை கட்டறேன். இப்போ அதுவும் போகுது.

— ஆறு மணி விஷயம் மாமாவுக்குத் தெரியுமா?

— தெரியுமாவா? புதன்கிழமை வந்து 'கவலைப்படாதே கேப்டன், கணக்குல இருக்கறதை மொத்தமா எடுத்துக் கட்டிடறேன்'னான். வீட்ல அவனுக்கு நான்தானே கேப்டன். அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துது. அவன் மூஞ்சியைப் பார்த்தேன், விழுங்கிட்டேன்.

— இப்போ மணி நாலே கால்.

— அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். முடி வெட்டவா கூப்பிட்டேன்?

— வெட்டிக்கிட்டுதானே இருக்கே!

— கை சும்மா இருந்தா நடுங்குது.

— நடுங்கற கையோடயா என் காதுகிட்ட வர்றே? போதும்கா, ஒரு பக்கம் போதும். அலமாரியில இருந்து அந்தப் பொம்மைத் தலை வேற என்னையே முறைக்குது. அதை இன்னும் தூக்கிப் போடலியா?

— ஏன் போடணும்? அதுமேலதான் தொழில் கத்துக்கிட்டேன். முழுசா ஒரு வருஷம். 'எவாந்தியா கை மாதிரி ஒரு கை இந்த பிரேயாஸ் துறைமுகத்துலயே கிடையாது'ன்னு வாத்தியாரம்மா ஊரெல்லாம் சொன்னாங்க. அப்புறம் முதல் நிஜத் தலை வந்து உக்காந்துது. பேக்கரி கலியோப்பி. காதுலயே வெச்சேன் கத்திரியை.

— அவ்வளவு நல்ல கையா!

— சிரி. பொம்மைக்கு ரத்தம் வராதுடா. இதுக்கு வரும்னு ஒரு நெனப்பு வந்துது பாரு, அந்த நிமிஷமே அது என் கை இல்ல.

— அக்கா, ஷட்டர் சத்தம். மாமாதான்.

— இருக்காது. நாலரைக்கு நியூயார்க் சந்தை திறக்குது. இந்த நேரத்துல அவன் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்ல. எழுந்தாலும் பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட், அவ்வளவுதான்.

— என்ன கேப்டன், மதியம் கடை அடைச்ச நேரத்துல ரகசிய மாநாடா? மாப்ளே, பாதித் தலைதான் ஆயிருக்கு. மீதியை அடுத்த வாரம் வெட்டுவாளா?

— வாங்க மாமா! உங்களைப் பத்திதான்... இல்ல, சும்மா, வெயிலைப் பத்தி.

— பாண்டெலிஸ்? நியூயார்க் என்ன ஆச்சு?

— நான் போகலேன்னாலும் திறப்பாங்க, எவா. இந்தா, பிடி.

— என்ன டப்பா?

— பிரிச்சுப் பாரு. மூலைக்கடை பால் இனிப்பு, கலக்தோபூரெகோ. இன்னும் சூடு ஆறலை. பாகு சொட்டும், கைக்குத் துணி வெச்சுக்கோ.

— எனக்கொண்ணு எடுக்கா. மத்தியானம் உன் தயவுல சாப்பாடும் இல்ல.

— இரு, பறக்காதே. ஒண்ணு, ரெண்டு... ஏழு. ஏழா? யாராவது ஏழு வாங்குவாங்களா பாண்டெலிஸ்? அரை டஜன் வாங்குவாங்க, ஒரு டஜன் வாங்குவாங்க. ஏழு என்ன கணக்கு?

— சாப்பிடு கேப்டன். கணக்கு அப்புறம்.

— மாமா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த வியாபாரத்துல கை தேற எவ்வளவு நாள் ஆகும்?

— நீயுமா இறங்கப் போறே?

— சும்மா, தெரிஞ்சுக்கத்தான். இணையத்துல ஒருத்தன் ஆறு வாரம்ங்கறான். பாடத்துக்கு முந்நூறு யூரோ.

— அந்தப் பாடத்தை விக்கக் கத்துக்க அவனுக்கு ஆறு வாரம் ஆயிருக்கும்.

— நம்ம கசாப்புக்கடை ஸ்டெலியோஸ் ரெண்டே வாரத்துல கத்துக்கிட்டானே, ஞாபகம் இருக்கா? தொண்ணூத்தொம்போதுல. ஈஸ்டர் ஆட்டைக் கொக்கியில தொங்க விட்டுட்டு, ரத்தக் கறை ஏப்ரனோட பங்குத் தரகர் ஆபீஸ்ல போய் நிப்பான். 'எவாந்தியா, கத்தி பிடிச்ச கை இனிமே பேனா பிடிக்கும்'னான். அடுத்த ஈஸ்டருக்கு ஆடும் இல்ல, கொக்கியும் இல்ல.

— ஊரே அப்படித்தான் இருந்துது அப்போ. நான் அதைப் பார்த்துட்டும் இறங்கினேன் பாரு.

— நீ என்கிட்ட கேட்டது ரெண்டு வருஷம். கப்பல்ல இருந்து பெட்டியோட வந்து இறங்கினே. 'எவா, இருபது வருஷம் இந்த எண்ணெயை டாங்கர்ல சுமந்தேன், இனிமே வீட்ல உக்காந்து இதையே வாங்கி விக்கறேன், ரெண்டு வருஷம் குடு'ன்னே. கத்திரிமேல சத்தியமா, நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லலை. இருபது வருஷமா வருஷத்துக்கு மூணு மாசம்தான் புருஷன். அதுக்கப்புறம் தினமும் புருஷன்னா எந்தப் பொண்ணு வேண்டாம்பா?

— கப்பல்ல எல்லாத்துக்கும் ஒரு காலம் எழுதி வெச்சிருக்கான், மாப்ளே. இத்தனை வருஷம், ஒரு பரீட்சை, மூணாவது எஞ்சினியர். இன்னும் இத்தனை வருஷம், இன்னொரு பரீட்சை, ரெண்டாவது எஞ்சினியர். தோள்ல ஒரு பட்டை ஏறும். இதுல பட்டையும் கிடையாது, பரீட்சை எழுதறவனும் நாமதான், திருத்தறவனும் நாமதான். கத்துக்கிட்டோமான்னே தெரியாது. எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு.

— ஒன்பது வருஷத்துல டாக்டரே ஆயிடலாம் மாமா.

— அறுவை சிகிச்சைகூடப் பண்ணலாம். முதல் ரெண்டு வருஷம் விலை எங்க போகும்னு ஊகிக்கறதுதான் தொழில்னு நெனச்சேன். கப்பல்ல சேத்ததெல்லாம் போச்சு. அடுத்த நாலு வருஷம் போனதைத் திரும்பப் பிடிக்கறதுதான் தொழில்னு நெனச்சேன். இந்தக் கடை போச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது. வாங்கறப்பவே ஒரு கோடு போட்டுக்கணும். விலை அதுக்குக் கீழ வந்தா நஷ்டத்தோட வெளிய வந்துடணும். போட்ட கோட்டை அப்புறம் நகர்த்தக் கூடாது. அவ்வளவுதான். ஒரே வரி. அந்தத் திரையில மூணு வருஷமா ஒரு கோட்டைக்கூட நான் நகர்த்தினதில்ல.

— அக்கா... அக்கா, சொல்லு. மணி நாலரை தாண்டியாச்சு.

— பாண்டெலிஸ், உக்காரு.

— நின்னுக்கறேன்.

— உக்காருன்னா உக்காரு. நான் நின்னா உனக்குச் சொல்ல வராது, நீ நின்னா எனக்குச் சொல்ல வராது.

— சரி. உக்காந்தாச்சு.

— அந்தக் கணக்கு பொய்.

— எந்தக் கணக்கு?

— உன்னோட கணக்கு. எண்பத்தெட்டாயிரம். அதுல ஒரு யூரோகூட இல்ல. மூணு வருஷம் முன்னாடி மிச்சம் இருந்த இருபதாயிரத்தை நான் எடுத்துட்டேன். இவன் உனக்கு ஒரு ஒத்திகைக் கணக்கைத் திறந்து, பேரை மறைச்சு, உன் திரையில மாட்டி விட்டான். 'காசெல்லாம் என் பேங்குக்குத்தான் வரணும், நீ பொத்தான் மட்டும் அழுத்து'ன்னு சட்டம் போட்டேன் இல்ல? அது உனக்குத் தண்டனைன்னு நெனச்சிருப்பே. இது வெளிய தெரியக் கூடாதுன்னுதான்.

— மாமா, அடிக்கறதா இருந்தா வெட்டின பக்கம் அடிங்க.

— வாயை மூடு ஸ்ட்ராடோஸ். பாண்டெலிஸ், ஏதாவது சொல்லு. கத்து. அந்தப் பொம்மைத் தலையை எடுத்து என்மேல எறி.

— கத்திரியைக் கீழ வை முதல்ல.

— வெச்சுட்டேன். இதைக் கேளு, குறுக்கே பேசாதே. உலகத்துலயே உன்னை நம்பாத ஒரே ஆள் நான்தான். தினமும் காபி கொண்டு வந்து வெச்சு, 'இன்னிக்கு எப்படி?'ன்னு கேட்டுட்டு, மனசுக்குள்ள சிரிச்சேன். முதல் வருஷம் சிரிச்சேன். ரெண்டாவது வருஷம் சிரிப்பு வரலை. மூணாவது வருஷம் சமையலறையில போய் அழுதேன். ஏன்னா நீ நிஜமாவே கத்துக்கிட்டே. நான் நம்பி அந்த இருபதாயிரத்தை உன் கையிலயே விட்டிருந்தா இன்னிக்கு...

— எவா, இல்ல.

— பேசாதேன்னேன் இல்ல? விட்டிருந்தா இன்னிக்கு இந்தக் கடை நம்மளது. உன் ஒன்பது வருஷமும் என் ஒரு பொய்யில கரைஞ்சு போச்சு. அதுக்கு என்னைக் கடல்ல தள்ளு, பரவாயில்ல. ஆனா ஆறு மணிக்கு அப்புறம் தள்ளு. எனக்கு ஒரு வழி இருக்கு.

— என்ன வழி?

— அந்த இருபதாயிரத்தை நான் தொடவே இல்ல. மூணு வருஷமா வெட்டின முடியில இருந்து பதினொண்ணு சேத்தேன். மொத்தம் முப்பத்தொண்ணு, பேங்குல இருக்கு. அதை இன்னிக்கு முன்பணமா வெக்கலாம். மீதி ஐம்பத்திநாலுக்கு உன் காப்பீட்டுப் பத்திரம் இருக்கு.

— அட! கப்பல்ல இருந்தப்போ மாமா கட்டிக்கிட்டே இருந்தாரே, அதுவா? ஐம்பத்தஞ்சு வயசுல வர்றது?

— அதேதான். போன ஜூலையோட இவனுக்கு ஐம்பத்தஞ்சு. பத்திரம் முதிர்ந்தாச்சு. கிழட்டு வயசுக்குன்னு தொடாம வெச்சிருந்தோம். கம்பெனியில இருந்து கடிதம் வரலை, ஆகஸ்ட் மாசம் இந்த நாட்டுல எவன் வேலை செய்யறான், இனிமே வரும். முப்பத்தொண்ணும் ஐம்பத்திநாலும் எவ்வளவு?

— எண்பத்தஞ்சு! அக்கா, நீ நிதியமைச்சரா இருந்திருந்தா நாடு உருப்பட்டிருக்கும்.

— பத்திரத்தைக் கண்ணுல காட்டினா வசிலியாதிஸ் ஒரு மாசம் பொறுப்பாரு. பேசிட்டேன். என்ன பாண்டெலிஸ், இப்படி உக்காந்திருக்கே? சந்தோஷமா ஒரு திட்டாவது திட்டேன்!

— எவா. எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— அந்தக் கணக்கு பொய்னு. ரெண்டாவது மாசமே தெரியும்.

— மாமா! வாய்ப்பே இல்ல. அந்த வார்த்தையைத் துளிகூடத் தெரியாம மறைச்சிருந்தேனே!

— வார்த்தை எதுக்கு மாப்ளே? கரைக்குக் கயிறு வீசினா தூண்மேலயேவா போய் விழும்? ஒரு முழம் தள்ளி விழும். நிஜச் சந்தையும் அப்படித்தான், நாம கேட்ட விலை அப்படியே கிடைக்காது, ஒரு நூல் ஏறும், ஒரு நூல் இறங்கும். ஆறு வருஷம் தள்ளித் தள்ளி விழுந்த கயிறு, திடீர்னு ஒவ்வொரு தடவையும் தூண்மேலயே விழுது. பொய்யை நீ இன்னும் கொஞ்சம் மோசமா பண்ணியிருக்கணும்.

— மூணு வருஷம்! தெரிஞ்சுக்கிட்டே மூணு வருஷம் அந்தத் திரைக்கு முன்னாடி உக்காந்தியா?

— நீ காபி கொண்டு வருவே. 'இன்னிக்கு எப்படி?'ம்பே. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் நீ அதைக் கேக்கறப்போ தட்டுல காபி சிந்தும். அந்த மாசத்துல இருந்து சிந்தலை. அதை எப்படி நிறுத்தறது?

— கழுதை. என்னை நானே திட்டிக்கிட்டு மூணு வருஷமா மெழுகுவத்தி ஏத்தறேன், பாதிரியாருக்கே என் மூஞ்சி அலுத்துப் போச்சு. நீ எல்லாம் தெரிஞ்சு காபி குடிச்சிருக்கே. ஸ்ட்ராடோஸ், துணியைக் குடு, பாகு கண்ணுல பட்டுடுச்சு.

— பாகுதான் கண்ணுல பட்டுச்சா? சரி சரி.

— மணி என்ன?

— நாலு ஐம்பது.

— அழறதை நோட்டரி ஆபீஸ்ல வெச்சுக்கலாம். பொம்மைத் தலைக்குக் கீழ இழுப்பறை இருக்கு பாரு, புனித நிக்கோலாஸ் படத்துக்கு அடியில நீல உறை. எடு. பத்திரம் அதுக்குள்ளதான் இருக்கு.

— மாப்ளே, இரு. அதை எடுக்காதே.

— ஏன் பாண்டெலிஸ்? பத்திரத்தைக் காட்டாம வசிலியாதிஸ் நம்புவாரா? எடுடா நீ.

— எடுத்துட்டேன். கனமாத்தான் இருக்கு. இரு... அக்கா, இதுல உன் கடை விலைப்பட்டியல் அட்டைங்கதான் இருக்கு. பழைய விலை. 'சாயம் பூச இருபத்திரண்டு.'

— நல்லாப் பாரு. கடைசியில இருக்கும்.

— கவிழ்த்துட்டேன்கா. வெறும் அட்டைதான்.

— பாண்டெலிஸ்?

— அந்தத் திரையில ஜெயிக்க ஆரம்பிச்சப்போ ஒரு எண்ணம் வந்துது எவா. இது பொம்மைக் காசு, சரி. ஆனா விலை நிஜம். வாங்கறது விக்கறது நிஜம். அப்போ தொழிலும் நிஜம்தானே? நிஜக் காசுலயும் இது ஓடும்தானே? இன்னொரு கணக்கு திறந்தேன். போன்ல. திரையில என்ன போடறேனோ அதையே, அதே நிமிஷம் போன்லயும் போட்டேன்.

— எப்போ? நான் வீட்லதானே இருப்பேன்? மதியம் கடை அடைச்சுட்டு ஐந்தரை வரைக்கும் வீட்லதானே!

— பால்கனியில.

— பால்கனியில நீ சிகரெட்...

— மூணு வருஷத்துல ஒரு சிகரெட்கூட நான் பிடிக்கலை.

— உன் சட்டையில புகை நாத்தமே இல்லையேன்னு துவைக்கறப்போ நெனச்சிருக்கேன். நல்ல சோப்புன்னு நெனச்சேன். கடவுளே, சோப்புன்னு நெனச்சேன். எதை வெச்சுத் திறந்தே?

— எவா...

— எதை வெச்சுன்னு கேட்டேன்.

— முதிர்றதுக்கு முன்னாடி பத்திரத்தைத் திருப்பிக் குடுத்தா கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுக் குடுப்பாங்க. நாப்பத்தொண்ணு வந்துது.

— மாமா, இருங்க இருங்க. அதே வியாபாரம்னீங்க. அதே நிமிஷம்னீங்க. எங்க திரையில நாலு மடங்குக்கு மேல ஆச்சு! அப்போ உங்க போன்ல நாப்பத்தொண்ணு... அக்கா, நூத்தறுபதுக்கு மேல வருது! மாமா பெரிய ஆளுக்கா! அதான் இனிப்பு!

— ஸ்ட்ராடோஸ், அவன் மூஞ்சியைப் பாரு.

— திரையில போட்ட கோடு அசையவே இல்ல, மாப்ளே. போன்ல போட்ட கோடு, விலை கிட்ட வர்றப்போ ஒரு விரல் கீழ தள்ளுவேன். இன்னொரு விரல். இது எவாவோட கிழட்டு வயசு, இதை எப்படி விடறதுன்னு இன்னொரு விரல். ஜெயிக்கறப்போ பயந்து போய் பத்து யூரோ லாபத்துக்கே வித்துடுவேன். அதே ஆள்தான். பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை.

— முதல் மாசமே தெரிஞ்சிருக்குமே! நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே!

— நிறுத்தணும்னுதான் உள்ள வருவேன். உள்ள வந்தா உங்க திரையில நான் ஜெயிச்சிருப்பேன். 'பாரு, உனக்குத் தொழில் தெரியும், கைதான் பழகலை, நாளைக்குப் பழகிடும்'னு அது சொல்லும். மூணு வருஷமும் தினமும் சொல்லிச்சு.

— நாங்க மாட்டி விட்ட திரை.

— உன்மேல பழி போடலை எவா.

— போட வேண்டாம். எனக்குக் கணக்கு வரும். நீ தோத்துப் போய் நிறுத்திடக் கூடாதுங்கற மாதிரி தினமும் ஒரு ஜெயிப்பைச் சமைச்சுக் குடுத்திருக்கேன். நானே. காபியோட.

— அக்கா, போன் அடிக்குது. நோட்டரி ஆபீஸ் நம்பர்.

— அடிக்கட்டும். எப்போ முடிஞ்சுது பாண்டெலிஸ்?

— செவ்வாய்க்கிழமை.

— புதன்கிழமை வந்து 'கவலைப்படாதே கேப்டன்'னே.

— மொத்தத்தையும் எடுக்கறேன்னு சொன்னா, 'எடுக்க முடியாது, அது பொய்'னு நீ சொல்லியாகணும். நீ முதல்ல சொல்லிட்டா எனக்கும் வாய் திறக்கும்னு பார்த்தேன். புதன் போச்சு, வியாழன் போச்சு. நீயும் விழுங்கிட்டே இருந்தே.

— மறுபடி அடிக்குதுக்கா. எடுத்து என்ன சொல்ல?

— ஒண்ணும் சொல்லாதே. பாண்டெலிஸ், என்னைப் பாரு. அந்த நாப்பத்தொண்ணுல எவ்வளவு மிச்சம்?

— கணக்கை மூடச் சொல்லி எழுதினேன். காலையில மிச்சம் பேங்குக்கு வந்துது. இப்போ வர்றப்போ அதை எடுத்துக்கிட்டு நேரா மூலைக்கடைக்குப் போனேன்.

— எவ்வளவுன்னு கேக்கறேன்.

— ஏன் ஏழுன்னு கேட்டியே, எவா. அவ்வளவுக்குத்தான் வந்துது.